இக்னோவில் எம்.ஏ. சமூகவியல்: வீட்டில் இருந்தபடியே படித்து முடித்த ஓர் அம்மாவின் விமர்சனம்

எங்கள் தெருவில் மட்டும் இதுவரை நான்கு பெண்கள் கேட்டுவிட்டார்கள், "அக்கா, இக்னோவுல சேரலாமா, வீட்டு வேலையோட முடியுமா?" என்று. வாசலில் நின்றபடி பதில் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடிவிடுகிறது, அதற்குள் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு குரல், எங்கள் வீட்டிலிருந்து ஒரு குரல், பேச்சு பாதியிலேயே நின்றுபோகிறது. இரண்டு வருடம் அதில் படித்து எம்.ஏ. சமூகவியல் முடித்தவள் என்கிற முறையில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது மதுரை விளாங்குடியில். 2002இல் பி.காம். முடித்தேன், அடுத்த வருடம் கல்யாணம். வீட்டில் ஐந்து பேர்: நான், கணவர், மகள், மகன், அப்புறம் என் மாமியார். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன், பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா. இந்த அத்தை என்ற சொல் பிற்பாடு என் படிப்புக்குள்ளேயே வந்து உட்காரப் போகிறது, அதனால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் மகளை பி.எஸ்சி. சேர்க்கப் போனோம். சான்றிதழ் சரிபார்க்கிற வரிசையில் காத்திருந்தபோது ஃபைலுக்குள் என் பழைய பட்டச் சான்றிதழும் இருந்தது. மகள் அதை எடுத்து முழுசாகப் படித்துவிட்டு, "ஏம்மா, நீயும் எதுலயாவது சேரேன், ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம்" என்றாள். அவள் எப்போதும் போல பேச்சுவாக்கில்தான் சொன்னாள், எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்டது. தபால் படிப்பு என்றால் மதிப்பு இல்லை என்று சொந்தக்காரர்கள் யாராவது நிச்சயம் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைக் கல்வியில் வாங்கும் பட்டம் நேரடி வகுப்பில் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பைப் போனில் சேமித்து வைத்திருந்தேன், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டவர்களுக்குக்கூட எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

ஏன் சமூகவியல்? எந்தப் பட்டம் முடித்திருந்தாலும் சேரலாம் என்பது ஒரு காரணம். குடும்பம், கல்யாணம், ஊர், சாமி, சாதி, வேலை என்று பாடத் தலைப்புகள் எல்லாமே நான் தினமும் நடுவில் நிற்கிற விஷயங்களாக இருந்தன என்பது இன்னொரு காரணம், உண்மையில் அதுதான் பெரிய காரணம். கணக்குப்பதிவில் மேலே படித்திருந்தால் இவ்வளவு ஆசையாகப் படித்திருப்பேனா தெரியாது.

சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது. எல்லாமே ஆன்லைன். இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். பக்கத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து விண்ணப்பம் போடச் சொன்னேன். அவர்கள் என் மெயிலுக்குப் பதிலாகத் தங்கள் மெயிலைக் கொடுத்துவிட்டார்கள், போன் நம்பரிலும் ஓர் எண் மாறிப்போனது. சேர்க்கை உறுதியான தகவல் எனக்கு வரவே இல்லை, இரண்டு வாரம் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் மகள்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினாள். மெயிலும் பாஸ்வேர்டும் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும். இப்போது சேர்பவர்களுக்கு டெப் ஐடி என்று ஒன்றும் கட்டாயம் (யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு கொடுக்கிற மாணவர் எண்), அதையும் வீட்டில் இருந்தபடி நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். கட்டண விவரம் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது. எனக்கு இரண்டு வருடத்துக்கும் ஆன செலவு மகளின் ஒரு செமஸ்டர் கட்டணத்தைவிடக் குறைவு, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

புத்தகங்கள் பார்சலில் வந்தன. அச்சுப் புத்தகம் வேண்டாம், பி.டி.எஃப். போதும் என்றால் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைக்கிறார்கள். எனக்குக் காகிதம்தான் சரி, பென்சிலால் கோடு போட வேண்டும், சமைக்கும்போது விரித்து வைக்க வேண்டும். பார்சலைப் பிரித்தபோது மகன் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து எடை பார்ப்பது போலக் கையில் தூக்கிப் பார்த்து, "இவ்வளவும் ஒரே வருஷத்துக்கா?" என்றான். முதல் வருடத்தில் நான்கு பாடங்கள், ஒவ்வொன்றும் 8 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது இவர்கள் கணக்கு. ஆக 32 கிரெடிட்டுக்கு 960 மணி நேரம். 365ஆல் வகுத்துப் பார்த்தேன், தினமும் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் வருகிறது, அதில் தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா, காய்ச்சல் எதுவும் சேரவில்லை.

அந்த இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வரும்? எந்தப் பல்கலைக்கழகமும் அதைக் கொடுக்காது, அது வீட்டுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். முதல் இரண்டு மாதம் யாரையும் கேட்காமல் என் தூக்கத்திலிருந்து எடுத்தேன், நாலு மணிக்கு எழுந்து படித்தேன், பகலில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். அப்புறம் பாடத்திலேயே ஒரு பகுதி வந்தது: குடும்பம் என்பது ஒத்துழைப்பும் முரண்பாடும் ஒன்றாகவே நடக்கிற இடம், அதற்குள் யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது பேரம் பேசியே தீர்மானமாகிறது, தன் பங்களிப்பைத் தானே குறைவாக நினைப்பவர்களுக்குப் பேரத்திலும் குறைவாகவே கிடைக்கும். இது பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் கருத்து. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, "சாயங்காலம் ஏழரையில இருந்து பத்து வரைக்கும் எனக்கு வேணும்" என்று நேராகக் கேட்டேன்.

கணவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ராத்திரி டிபன நான் பாத்துக்கிறேன், ஆனா தோசை மட்டும்தான் வரும்" என்றார். மகள் பாத்திரம். மகன் துணி மடிப்பது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் ஹாலில் இருந்த டிவியின் ரிமோட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்தார். ஏழரை மணி சீரியல் அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை இரவில் தோசைதான், கணவர் சுடுகிற தோசை ஆறாவது மாதத்தில் என் தோசையைவிட மெல்லிசாக வர ஆரம்பித்தது. சேர நினைக்கிற பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: விண்ணப்பம் போடுவதற்கு முன்னாடியே நேரத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி பாடத்துக்கு வருகிறேன். இந்தியச் சமூகவியல் தாளில் உறவுமுறை பற்றிய பகுதி ஒன்று உண்டு. அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒரு வகை, அம்மாவின் அண்ணன் தம்பி பிள்ளைகள் இன்னொரு வகை என்று ஆங்கிலத்தில் படம் போட்டு, முக்கோணமும் வட்டமுமாக விளக்கியிருந்தார்கள். நாலு தடவை படித்தேன், மண்டையில் ஏறவில்லை. அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். "இதுக்கா இம்புட்டு நேரம்?" என்றவர், உருவிய காம்புகளை முறத்தில் இரண்டு வரிசையாக அடுக்கினார். இடது பக்கம் கை வைத்து, "இது பங்காளி. உன் அப்பன், பெரியப்பன், சித்தப்பன், அவுக பிள்ளைக எல்லாம் உனக்கு அண்ணன் தங்கச்சி." வலது பக்கம் கை வைத்து, "இது மாமன் மச்சான். இங்கிட்டு பொண்ணு குடுக்கலாம், எடுக்கலாம். அத்தை மகன், மாமன் மகள் எல்லாம் இந்தப் பக்கம்." அப்புறம் ஒரு காம்பை எடுத்து நடுவில் குறுக்காக வைத்தார். "இதுதான் கல்யாணம்."

அவ்வளவுதான், பாடம் முடிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் கணவர் எனக்குச் சொந்தம் கிடையாது, அந்நியத்தில்தான் கட்டினேன், இருந்தாலும் கல்யாணமான நாளிலிருந்து அவர் அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அப்பாவின் தங்கைக்கும் அத்தை, கணவரின் அம்மாவுக்கும் அத்தை. அத்தை மகனைக் கட்டுவது முறை என்றிருந்த சமூகத்தின் சொல் அது, ஆள் அந்நியமானாலும் சொல் மாறவில்லை. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் உறவுப் பெயர்களைத் திரட்டினார், தமிழ்ப் பெயர்கள் ஓர் அமெரிக்க மிஷனரி வழியாக அவருக்குக் கிடைத்தன. அமெரிக்கப் பழங்குடிகளான இராகுவா மக்களும் தமிழர்களும் ஒரே மாதிரி அமைப்பில் உறவுகளைப் பிரிக்கிறார்கள் என்று கண்டு அவர் அசந்துபோனார், 1871இல் அதையெல்லாம் அச்சிலும் கொண்டுவந்தார். நாமோ இப்போது பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி எல்லோரையும் ஆன்ட்டி ஆக்கிக்கொண்டிருக்கிறோம். என் மகனை அன்றிலிருந்து ஆன்ட்டி, அங்கிள் சொல்ல விடுவதில்லை, எதிர்வீட்டு அம்மாவைக்கூடப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறான், அவர்களுக்கும் அது பிடித்திருக்கிறது.

அதே பகுதியில் லூயி துய்மோன் என்கிற பிரெஞ்சுக்காரர் வருகிறார். 1940களின் கடைசியில் நம் மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் வந்து தங்கி ஆராய்ச்சி செய்தவர். கல்யாணத்தில் ஆரம்பிக்கிற சீர், அடுத்த தலைமுறையில் தாய்மாமன் சீராகத் தொடர்கிறது, இப்படிக் கொடுக்கல் வாங்கல் வழியாகத்தான் இரண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடக்கிறது என்று எழுதினார். மார்செல் மோஸ் என்று இன்னொரு பிரெஞ்சுக்காரர், 1925இல், பரிசு என்றால் கொடுக்க வேண்டும், மறுக்காமல் வாங்க வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும் என்று மூன்று கடமைகளைச் சொன்னவர். இதை நான் சத்தமாகத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை எழுந்துபோய் பீரோவிலிருந்து எங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்து வந்தார்.

நீளமான கணக்கு நோட்டு. அட்டைக்கு மேல் பழைய பட்டுச்சேலையின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றியிருந்தார். முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்து, பிள்ளையார் சுழி போட்டு, அவர் கல்யாணத்து மொய். ஊர், பெயர், தொகை. 2 ரூபாய், 5 ரூபாய், ஒருவர் மட்டும் 11. சில பெயர்களுக்குப் பக்கத்தில் "செஞ்சாச்சு" என்று வேறு மையில் எழுதியிருந்தது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. "இவுகளுக்கு இன்னும் செய்யல, பிள்ளை இல்லாமப் போயிருச்சு, செய்றதுக்கு வாய்ப்பே வரல" என்று ஒரு பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அந்த நோட்டை அதற்கு முன் நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. அந்தத் தாளின் அசைன்மென்டில் மொய்யைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன், எனக்கு வந்த மதிப்பெண்களிலேயே அதுதான் அதிகம், 78.

அசைன்மென்ட் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் சுமார் 500 வார்த்தை, சொந்தக் கையெழுத்தில். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட், 70 சதவீதம் பரீட்சை. இரண்டிலும் தனித்தனியாக 40 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். எழுதித் தருகிறோம், காசு கொடுங்கள் என்று சில கடைகளில் சொல்வார்கள், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பரீட்சைக்கு உண்மையான தயாரிப்பே அசைன்மென்ட் எழுதுவதுதான், பேனா பிடித்து இருபது வருடம் ஆன கைக்கு அந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும். முதல் அசைன்மென்ட் எழுதியபோது மூன்றாவது பக்கத்திலேயே எனக்கு மணிக்கட்டு வலித்தது. மகள்தான் பேனாவை அழுத்திப் பிடிக்காமல் எழுதச் சொல்லிக்கொடுத்தாள், மார்ஜின் கோடும் அவளே போட்டுத் தருவாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு முனையில் அவள் ரெக்கார்டு நோட்டு, மறு முனையில் என் அசைன்மென்ட், நடுவில் தம்பியின் கணக்கு நோட்டு. அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துபோகிறது.

ஒருநாள் அந்த மேஜையில் ரசம் கொட்டியது. மகன் தட்டைத் தள்ளியதில் கிண்ணம் சரிந்து, நான் நாலு நாளாக எடுத்து வைத்திருந்த குறிப்புகள் முழுக்க நனைந்துவிட்டன, மிளகும் மல்லித்தழையுமாக மை கரைந்து ஓடியது. அவன் அழுதுவிட்டான். எனக்கும் தொண்டை அடைத்தது, ஆனால் அந்த வாரம்தான் எம்.என். சீனிவாஸ் பற்றிப் படித்திருந்தேன். மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் 1948இல் தங்கி ஆராய்ச்சி செய்தவர், பல வருடம் உழைத்துத் தயாரித்த குறிப்புகள், மூன்று பிரதிகள், எல்லாமே 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் அறை இருந்த கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது எரிந்துபோயின. மனிதர் ஞாபகத்திலிருந்தே அந்த ஊரை எழுதி முடித்தார். இதை மகனிடம் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அப்ப நீயும் ஞாபகத்துல இருந்து எழுதும்மா, நான் கேள்வி கேக்குறேன்" என்றான். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைப்பாக அவன் கேட்க, நான் சொல்ல, இரவு பத்தரை வரை உட்கார்ந்திருந்தோம். அந்தத் தலைப்புகள் இன்று கேட்டாலும் எனக்கு மறக்காது, அவனுக்கும்தான்.

மொழி விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இந்த எம்.ஏ. பாடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கிறது. நான் பி.காம். ஆங்கில வழியில் படித்தவள், அப்படியும் முதல் மூன்று மாதம் ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு அலகையும் முடித்ததும் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைப்பேன், அத்தையிடம் சொல்லிக் காட்டுவேன், அவருக்குப் புரிந்தால் எனக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். தமிழ்வழியில்தான் படிக்க வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2002இல் ஆரம்பித்தது, பல பாடங்கள் தமிழில் உண்டு, அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கவுன்சலிங் வகுப்புகள், அதாவது பாடத்தில் சந்தேகம் கேட்கிற நேரடி வகுப்புகள், விடுமுறை நாட்களில் இருக்கும். கட்டாயம் இல்லை. என்னால் முடிந்தவரை போனேன், உபயோகமாக இருந்தது. பாடப் புத்தகங்கள் எல்லாம் இ-ஞான்கோஷ் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள், சேருவதற்கு முன்னாடியே இறக்கிப் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். ஆசையாக இருந்தால் சேருங்கள், கொட்டாவி வந்தால் வேறு பாடம் பாருங்கள்.

வீட்டில் கூட்டம் அதிகமான நாட்களில் நான் போனது புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு. 2023 ஜூலை 15இல் திறந்தார்கள், நான் படிக்கச் சேர்ந்த அதே மாதம், எனக்காகவே திறந்தது போல ஒரு சந்தோஷம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அதனால் போகவர ஒரு ரூபாய் செலவில்லை. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருப்பதால் லீவு நாளில் மகனையும் கூட்டிப்போய் அங்கே விட்டுவிட்டு நான் மேலே போய்விடுவேன். கண்ணாடி ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் "அம்மா" என்று கூப்பிடாத மூன்று மணி நேரம் படித்த அன்று, வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்தபோது புதுசாகப் பார்ப்பது போல இருந்தது.

பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். ஒவ்வொரு தாளுக்கும் தனியாகக் கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தேதி உண்டு, அடுத்த வருடத்துக்குப் பதிவு செய்கிற ரீ-ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் தேதி உண்டு. இதையெல்லாம் யாரும் போன் போட்டு ஞாபகப்படுத்த மாட்டார்கள், வாரம் ஒரு முறை தளத்தைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் மகன் சிவப்பு ஸ்கெட்ச்சால் வட்டம் போட்டு வைத்திருந்தான், பால் கணக்குக்கும் கேஸ் புக் செய்த தேதிக்கும் நடுவில் "அம்மா பரீட்சை பணம் கட்டு" என்று.

2024 ஜூனில் முதல் பரீட்சை. 22 வருடத்துக்கு அப்புறம் பரீட்சை எழுதுகிறேன். காலையில் அத்தை திருநீறு பூசிவிட்டு, நெற்றியில் விழுந்த துகளை வாயால் ஊதிவிட்டார், பிள்ளைகளுக்குச் செய்வது போலவே. மகன் தன் ஜாமெட்ரி பாக்ஸைக் கொடுத்தான். அதற்குள் இரண்டு நீலப் பேனா, ஒரு கறுப்புப் பேனா, ஸ்கேல், அவன் எப்போதும் பரீட்சைக்கு எடுத்துப் போகிற மீனாட்சியம்மன் குங்குமப் பொட்டலம், ஓர் ஆரஞ்சு மிட்டாய். கணவர் பைக்கில் கூட்டிப்போய் இறக்கிவிட்டு, "ஹால் டிக்கெட் இருக்கா, தண்ணி பாட்டில் இருக்கா" என்று மூன்று தடவை கேட்டார், பிள்ளைகளிடம் நான் கேட்கிற அதே வரிசையில். நான் உள்ளே போன பிறகும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

ஹாலில் என் முன்னால் ஒரு போலீஸ்காரர், பக்கத்து வரிசையில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண், நைட் டூட்டி முடித்து நேராக வந்திருந்தார். கடைசி பெஞ்சில் தலை முழுக்க நரைத்த ஒரு பெரியவர். என் மகள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை, நான் ரொம்பப் பயந்திருந்தது அதற்குத்தான். மூன்று மணி நேரம், ஐந்து கேள்வி. நான்காவது கேள்வி எழுதும்போது கை மரத்துப்போனது, ஆரஞ்சு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை எழுதினேன். வெளியே வந்தபோது கணவர் அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், லீவு போட்டுவிட்டாராம், என்னிடம் சொல்லவில்லை. போகிற வழியில் ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்தார்.

அந்த ஜூனில் நான் மூன்று தாள்தான் எழுதினேன். ஆராய்ச்சி முறைகள் தாள் அன்று மகனுக்கு 103 டிகிரி காய்ச்சல். போகவில்லை. வழக்கமான கல்லூரியாக இருந்திருந்தால் மனசு உடைந்திருக்கும். இங்கே அந்தத் தாளை டிசம்பரில் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். எம்.ஏ.வைக் குறைந்தது இரண்டு வருடத்திலும் அதிகபட்சம் நான்கு வருடத்திலும் முடிக்கலாம். குடும்பத்தில் எது எப்போது வரும் என்று சொல்ல முடியாத நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஓர் ஏற்பாடே போதும், நான் இதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன்.

இரண்டாம் வருடம் நாமே தேர்ந்தெடுக்கிற தாள்கள். கல்வி, மதம், நகரம், புலம்பெயர்ந்தோர் எல்லாம் உண்டு. எனக்குக் கல்வியின் சமூகவியல் பிடித்திருந்தது, மகனின் பள்ளி பேரன்ட்ஸ் மீட்டிங்கில் நான் கேட்கிற கேள்விகளே மாறிவிட்டன. முன்பெல்லாம் "மார்க் ஏன் குறைஞ்சது" என்று கேட்பேன், இப்போது "கடைசி பெஞ்ச் பிள்ளைகளை முன்னால மாத்தி உட்கார வைப்பீங்களா" என்று கேட்கிறேன்.

2025 ஜூனில் கடைசித் தாள் எழுதினேன். ரிசல்ட் வந்தபோது மொத்தம் 61 சதவீதம், முதல் வகுப்பு. மகன் தன் பிராக்ரஸ் கார்டில் கையெழுத்துப் போட நான் பயன்படுத்துகிற அதே பேனாவை எடுத்துவந்து, பிரிண்ட் எடுத்த என் மார்க் பட்டியலில் கீழே தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டான், பக்கத்தில் "நன்று, இன்னும் முயற்சி செய்" என்று எழுதினான். அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

யாருக்கு இது சரிவராது என்றும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஒருவர் எதிரில் நின்று பாடம் நடத்தினால்தான் படிப்பு வரும் என்பவர்களுக்கு இது கஷ்டம், அவர்கள் நேரடி வகுப்புள்ள மாலைக் கல்லூரி ஏதாவது பார்க்கலாம். ஆறே மாதத்தில் வேலை வேண்டும் என்கிறவர்களும் எம்.ஏ. சமூகவியலில் சேர வேண்டாம், அதற்கு வேறு படிப்புகள் இருக்கின்றன. மற்றபடி பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற, படிக்க ஆசை உள்ள எந்த அம்மாவுக்கும் இது தாராளமாகச் சரிவரும், என் மதிப்பீட்டில் ஐந்துக்கு ஐந்து.

அத்தை இப்போது மொய் நோட்டைத் தினமும் மத்தியானம் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் கதை சொல்கிறார், நான் தனி நோட்டில் எழுதிக்கொள்கிறேன், 43 பெயர்கள் முடிந்திருக்கின்றன. ஏழரை மணி சீரியல் திரும்ப ஓடுகிறது. தோசை மட்டும் இன்னும் கணவர்தான். எதிர்வீட்டுப் பெண் ஜனவரி சேர்க்கைக்கு விண்ணப்பம் போடச் சனிக்கிழமை சாயங்காலம் சான்றிதழ்களோடு வருகிறாள், மெயிலை அவள் பெயரிலேயே உருவாக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.